ஓவர்லோடு லாரி இழுக்கும், நிற்குமா?

கேள்வி இது: "என் மச்சான் சொந்தமாக லாரி வைத்திருக்கிறார். வண்டிக்கு அனுமதித்த மொத்த எடை 40 டன். அவர் 55 டன் வரை ஏற்றுகிறார். இன்ஜின் நன்றாகவே இழுக்கிறது, இதுவரை ஒன்றும் ஆகவில்லை. எடை கூடினால் டயர் ரோட்டை இன்னும் அழுத்திப் பிடிக்கத்தானே செய்யும்? நடைகளும் குறைகின்றன, அந்த அளவுக்கு ரோட்டில் லாரிகளும் குறையும். பிறகு ஏன் ஓவர்லோடை இவ்வளவு பெரிய ஆபத்து என்கிறார்கள்?"

இன்ஜின் இழுப்பதை வைத்து வண்டிக்கே தெம்பு இருக்கிறது என்று முடிவுகட்டுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. லோடு கூடினால் உடனே குரல் கொடுக்கும் உறுப்பு இன்ஜின் ஒன்றுதான். ஏற்றத்தில் திணறும், கியரைக் குறைக்க வைக்கும், டீசலை அதிகம் குடிக்கும். பிரேக், டயர், ஸ்பிரிங் பட்டை, ஆக்சில், சேஸிஸ் இவையெல்லாம் வாய் திறக்காமல் சுமக்கும். சமதளத்தில் சீரான வேகத்தில் போகும்போது அவற்றின் முழு வலுவும் தேவைப்படுவதில்லை. பிரேக்கின் திறனில் ஐந்தில் ஒரு பங்கைக்கூடத் தொடாமல் பல நாட்கள் ஓட்டிவிடலாம். ஆகவே 'இதுவரை ஒன்றும் ஆகவில்லை' என்றால், முழு வலுவும் தேவைப்படும் அந்தச் சில நொடிகள் இன்னும் வரவில்லை என்று மட்டும்தான் பொருள்.

டயர் பிடிமானம் பற்றி நீங்கள் கேட்டதில் பாதி சரி. டயருக்கும் ரோட்டுக்கும் இடையிலான உராய்வு விசை எடையோடு சேர்ந்து கூடும். வண்டியை நிறுத்த வேண்டிய விசையும் எடையோடு சேர்ந்து கூடும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டுவதால், டயர் பிடிமானம் மட்டுமே எல்லையாக இருந்தால் 40 டன்னும் 55 டன்னும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் நின்றுவிடும். பலரும் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் இந்தக் கணக்கு நடக்க ஒரு நிபந்தனை உண்டு: சக்கரத்தைப் பூட்டும் அளவுக்கு அழுத்தும் வலு பிரேக்குக்கு இருக்க வேண்டும். காற்று பிரேக்கின் வலு எதைப் பொறுத்தது? காற்றழுத்தம், அந்தக் காற்றை வாங்கித் தள்ளுகம்பியைத் தள்ளும் பிரேக் சேம்பரின் பரப்பு, நெம்புகோலின் நீளம், ஷூவின் மேல் உள்ள உராய்வுப் பட்டையான லைனிங்கின் உராய்வு, சக்கரத்தோடு சுற்றும் இரும்பு ட்ரம்மின் ஆரம் (ஷூ உள்ளிருந்து இந்த ட்ரம்மைத்தான் அழுத்திப் பிடிக்கிறது). லோடு எத்தனை டன் என்பது இந்தப் பட்டியலில் எங்கும் இல்லை. வண்டி செய்தபோது எவ்வளவு வலு வைத்தார்களோ அவ்வளவுதான் என்றைக்கும். போதாக்குறைக்கு, ஒரு டயரின் மேல் சுமை கூடக்கூட ரப்பரின் உராய்வுக் கெழு சற்றுக் குறையவும் செய்கிறது.

எண்ணில் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா.வின் 13-ஆம் எண் வாகன ஒழுங்குவிதி, முழு லோடுடன் 60 கி.மீ. வேகத்தில் வரும் கனரக லாரி 36.7 மீட்டருக்குள் நிற்க வேண்டும் என்கிறது. பிரேக்கில் காற்று ஏறும் நேரத்தில் ஓடும் சுமார் 9 மீட்டரும் இதில் சேர்த்தி. அதாவது பிரேக் பிடித்த பிறகு ஒவ்வொரு நொடியும் வேகம் 18 கி.மீ. குறைய வேண்டும். அந்தக் குறைந்தபட்ச வலுவை 40 டன்னுக்குச் சரியாகத் தொடும் பிரேக்கை வைத்துக்கொண்டு 55 டன்னை நிறுத்தினால், நொடிக்கு 13 கி.மீ. மட்டுமே குறையும். நிற்கும் தூரம் 47 மீட்டர் ஆகிவிடும். பத்து மீட்டர்தானே என்று தோன்றலாம். சரியான லோடுள்ள லாரி அசையாமல் நின்றிருக்கும் அதே புள்ளியை, ஓவர்லோடு லாரி 31 கி.மீ. வேகத்தில் கடக்கிறது. அந்தப் புள்ளியில் ஒரு இருசக்கர வாகனம் நின்றிருந்தால் முதல் லாரி அதைத் தொடாது, இரண்டாவது அதன் மேல் ஏறிவிடும்.

புதிய லாரிகளில் சட்டம் கேட்பதைவிடக் கூடுதலான பிரேக் வலு இருப்பது உண்மை. ஆனால் அந்தக் கூடுதல், தேய்ந்த லைனிங்குக்கும், சரியாக அட்ஜஸ்ட் செய்யாத ஒரு சக்கரத்துக்கும், ஈர ரோட்டுக்கும், கடைசி நேரத்தில் சுதாரிக்கும் டிரைவருக்கும் என்று வைக்கப்பட்டது. அதை லோடாக ஏற்றிவிட்டால், மேற்சொன்ன எதற்கும் இடமில்லாமல் போகிறது.

சமதளத்தில் இவ்வளவு என்றால், இறக்கத்தில் கதையே வேறு. என் பார்வையில் ஓவர்லோடின் மிகக் கொடிய முகம் மலை இறக்கத்தில்தான் தெரிகிறது, அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் இறங்கும் ரோடு, ஐந்து கி.மீ. நீளம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 300 மீட்டர் இறக்கம். 40 டன் லாரி கீழே வந்து சேரும்போது 118 மெகாஜூல் ஆற்றலை எங்காவது செலவழித்தாக வேண்டும். அந்த வெப்பத்தைக் கொண்டு 30 டிகிரியில் இருக்கும் 400 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். 55 டன் என்றால் 550 லிட்டர். டயர் உருளும் தடையும் காற்றுத் தடையும் இதில் சிறு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி முழுவதும் இன்ஜின் பிரேக்குக்கும் சக்கர பிரேக்குக்கும்தான். இன்ஜின் பிரேக்கும், சக்கர பிரேக்கைத் தொடாமல் வேகத்தைப் பிடித்து வைக்கும் சாதனமான ரிடார்டரும் தாங்கும் அளவுக்கு ஒரு வரம்பு இருக்கிறது. அந்த வரம்பு 40 டன்னை ஓரளவு பிடித்து வைக்கப் போதுமானதாக இருந்தால், கூடுதலாக ஏற்றிய 15 டன்னின் வெப்பம் முழுவதும் ட்ரம்மில் வந்து விழுகிறது. அதாவது மொத்த எடை 40 சதவீதத்துக்கும் குறைவாகவே கூடியிருந்தாலும், சக்கர பிரேக்கின் சுமை இரண்டு மூன்று மடங்காகிவிட முடியும்.

சூடேறிய ட்ரம்மில் இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. லைனிங்கில் உள்ள பிசின் வெந்து, மேற்பரப்பு கண்ணாடி போல் வழுவழுப்பாகி உராய்வு விழுகிறது. கூடவே இரும்பு ட்ரம் விரிகிறது. 300 டிகிரி சூடேறினால் அதன் விட்டம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கூடும். ஷூ அந்த இடைவெளியைத் தாண்டிப் போய்த்தான் ட்ரம்மைத் தொட வேண்டும், அதற்குச் சேம்பரின் தள்ளுகம்பி பல மடங்கு அதிகம் நகர வேண்டும். அதன் ஓட்டம் எல்லையைத் தொட்டுவிட்டால், மிதியை எவ்வளவு அழுத்தினாலும் ஷூவின் மேல் விசை ஏறாது. பயத்தில் மிதியை மிதித்து மிதித்து எடுத்தால், டேங்கில் இருக்கும் காற்றும் தீர்ந்துபோகும். டிஸ்க் பிரேக்கில் சூடேறும் தட்டு பேடை நோக்கி விரிவதால் இந்த இடைவெளிச் சிக்கல் இல்லை, ஆனால் உராய்வு குறைவது அதற்கும் பொது.

இப்படி இறங்கி வந்த லாரியின் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ட்ரம்மின் உள்பக்கம் நீலம் பாய்ந்திருக்கும். மயிரிழை போன்ற வெடிப்புகள் குறுக்கே வரிசையாக ஓடும். ஷூவைத் தடவினால் சொரசொரப்பே இருக்காது, ஓரத்தில் கருகல் நாற்றம் அடிக்கும். அந்த ட்ரம் ஆறிய பிறகு சாதாரணமாகவே வேலை செய்யும். டிரைவரும் 'நேற்று கொஞ்சம் பிரேக் கம்மியா இருந்துச்சு' என்று சொல்லிவிட்டு அடுத்த லோடுக்குக் கிளம்பிவிடுவார். வெடிப்பு மட்டும் அப்படியே இருக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. விபத்துக்குப் பிறகு 'பிரேக் ஃபெயிலியர்' என்று எழுதப்படும் பல சம்பவங்களில், பிரேக்கில் உடைந்த பாகம் என்று ஒன்றும் இருக்காது. அதற்கு விதிக்கப்பட்ட வேலையை அது செய்தது, அதற்கு மேல் கேட்டபோது முடியவில்லை. அந்த இரண்டு சொற்களை எழுதியதும் விசாரணை மெக்கானிக்கின் பக்கமோ டிரைவரின் பக்கமோ திரும்பிவிடுகிறது. லோடை எடைபோட்டவர் யார், ஏற்றச் சொன்னவர் யார் என்ற கேள்வி எழுவதே இல்லை. எனக்கு இதில் உண்மையாகவே கோபம் வருகிறது.

டயருக்கு வருவோம். ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் சுமைக் குறியீடு பொறித்திருக்கும். உதாரணமாக 295/80 ஆர் 22.5 அளவில் 152/148 என்று போட்டிருந்தால், ஒற்றையாக மாட்டும்போது 3,550 கிலோ, இரட்டையாக மாட்டும்போது ஒவ்வொன்றும் 3,150 கிலோ தாங்கும் என்று அர்த்தம். அதற்கு மேல் ஏற்றினால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி விரியும். அந்த மடிப்பு வெப்பமாகிறது, வெப்பம் ரப்பருக்கும் உள்ளிருக்கும் எஃகுக் கம்பி வலைக்கும் இடையிலான பிணைப்பைத் தளர்த்துகிறது. காற்று குறைந்த டயருக்கு நேர்வதும் இதே கதிதான். இரண்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இரட்டை டயரில் உள்ளே இருப்பது காற்றிழந்தால் வெளியே இருந்து தெரியாது. வெளி டயர் இருவர் சுமையையும் தனியே சுமந்து, சில கி.மீ. தூரத்தில் அதுவும் வெடிக்கும். முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுத்து எதிர் வரிசைக்குள் கொண்டுபோகும். பின் டயர் வெடித்தால் லாரிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாமல் போகலாம், ஆனால் கிழிந்து விழுந்த ரப்பர் பட்டையின் மேல் இரவில் ஏறும் பைக்குக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கவிழ்வது பற்றிப் பெரும்பாலானவர்கள் தவறாகவே நினைக்கிறார்கள். கனமான வண்டி ரோட்டில் அழுந்தி உட்கார்ந்திருக்கும், சாயாது என்பது அந்த நினைப்பு. கவிழ்வதைத் தீர்மானிப்பது கனத்தைவிட, கனம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதே. கூடுதல் லோடு எங்கே போகும்? தளம் ஏற்கெனவே நிறைந்திருப்பதால் மேலேதான் போகும். இரு பக்கச் சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதியை, எடை மையத்தின் உயரத்தால் வகுத்தால் கிடைப்பது அந்த வண்டி தாங்கக்கூடிய பக்கவாட்டு விசையின் தோராய அளவு. ஸ்பிரிங்கும் டயரும் சாய்ந்து கொடுப்பதால் உண்மையில் அது இன்னும் குறையும். முழு லோடுள்ள டிரைலர் லாரிக்கு அது புவியீர்ப்பின் 0.35 பங்கு அளவில் இருக்கும். 100 மீட்டர் ஆரமுள்ள, பக்கச்சரிவு இல்லாத ஒரு வளைவில் இதற்கு ஈடான வேகம் 67 கி.மீ. மேலே ஏற்றிய லோடால் அந்தப் பங்கு 0.28-க்கு இறங்கினால் 60 கி.மீ. வேகத்திலேயே உள்பக்கச் சக்கரம் தூக்கிக்கொள்ளும். அதே டிரைவர், அதே வளைவு, வழக்கமாகப் போகும் அதே 62 கி.மீ. நேற்று திரும்பிய வண்டி இன்று கவிழ்கிறது.

டிரைலரில் இன்னொரு கொடுமை உண்டு. பின்னால் சக்கரம் தூக்குவது கேபினில் இருப்பவருக்குத் தெரிவதில்லை. தெரியும்போது திருத்த நேரம் இருப்பதில்லை. டேங்கரில் திரவம் பாதியளவு இருந்தால் அது ஒரு பக்கமாக ஓடிச் சேர்ந்து கவிழ்ப்பை இன்னும் எளிதாக்கும். பிரேக்கில் அதிக எடை ஆபத்து என்றால், இங்கே அரைகுறை எடைகூட ஆபத்தாகலாம்.

மொத்த எடை சரியாக இருந்தும் ஆக்சில் எடை, அதாவது ஒரு ஆக்சில் மட்டும் சுமக்கும் பங்கு, வரம்பை மீறுவது உண்டு. லோடு முழுவதையும் பின்னால் குவித்தால் முன் ஆக்சில் லேசாகி, ஸ்டியரிங் திருப்பினாலும் வண்டி நேரே போகப் பார்க்கும். முன்பக்கம் தூக்கிக்கொள்வதால் ஹெட்லைட் வெளிச்சம் ரோட்டை விட்டு எதிரே வருபவரின் கண்ணுக்குப் போகும். வழியில் பாதி சரக்கை இறக்கிவிட்டு மீதியை அப்படியே விட்டால், மொத்த எடை குறைந்த பிறகும் ஒரு ஆக்சில் மட்டும் வரம்பை மீறி நிற்கலாம். எடைமேடையில் மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு இது பிடிபடாது.

மோதலின் பாதிப்பைப் பற்றியும் ஒரு நேர்மையான கணக்கு சொல்ல வேண்டும். ஒன்றரை டன் கார் ஒன்று எதிரே வரும் 40 டன் லாரியுடன் மோதினால், இருவரின் வேகங்களும் சேர்ந்த தொகையில் 96 சதவீதம் அளவுக்கு வேகமாற்றத்தைக் காரே வாங்கிக்கொள்கிறது. 55 டன் என்றால் 97 சதவீதம். காரில் இருப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஓவர்லோடு லாரி அதிகக் கொடூரமாக மோதும் என்று சிலர் சொல்வது இந்த வகை மோதலுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. ஓவர்லோடு மாற்றுவது வேறு இரண்டை: மோதாமல் தப்பியிருக்கக்கூடிய இடத்தில் மோத வைக்கிறது, மெதுவாக முடிந்திருக்கக்கூடியதை வேகமாக முடிக்கிறது. வரிசையாக நிற்கும் வாகனங்களுக்குள் புகும்போது மட்டும் எடையே நேரடியாகக் கொல்கிறது. முதல் வண்டியோடு தீர வேண்டிய ஆற்றல் நாலாவது ஐந்தாவது வண்டிவரை போகும்.

லாரி டிரைவரும் இதில் பலியாகக்கூடியவர். சரக்கைக் கட்டுவதற்கான ஐரோப்பியத் தரவிதி, லோடு முன்னோக்கித் தள்ளும்போது அதன் எடையில் 0.8 பங்கையும், பக்கவாட்டிலும் பின்னோக்கியும் 0.5 பங்கையும் கட்டு தாங்க வேண்டும் என்கிறது. காலி வண்டி 15 டன் என்று வைத்துக்கொண்டால், 25 டன் சரக்குக்குப் பார்த்துப் போட்ட பெல்ட்டும் முன்தடுப்பும் 40 டன் சரக்கைத் தடுக்காது. இரும்புச் சுருளோ கல் பலகையோ திடீர் பிரேக்கில் நகர்ந்தால் முதலில் நசுங்குவது கேபின்.

இனி, நடைகள் குறைகின்றன என்ற உங்கள் வாதம். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் ஒட்டாவா ஊர் அருகே, பல விதமான ரோடுகளைப் போட்டு அவற்றின் மேல் லாரிகளை ஓயாமல் ஓடவிட்டு ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். ரோட்டுக்கு ஏற்படும் சேதம், ஆக்சில் எடையின் ஏறக்குறைய நான்காம் அடுக்கில் கூடுகிறது (எடை இரண்டு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு) என்பது அதிலிருந்து வந்த முடிவு. ரோட்டின் வகையைப் பொறுத்து அந்த அடுக்கு மாறும் என்றாலும், பொறியாளர்கள் இன்றும் தோராயக் கணக்குக்கு அதையே எடுக்கிறார்கள். 40 டன் வண்டியில் 55 டன் என்றால் ஒவ்வொரு நடைக்கும் சேதம் சுமார் 3.6 மடங்கு. காலி வண்டி 15 டன் என்றால் சரக்கு 25 டன்னிலிருந்து 40 டன்னாக, 1.6 மடங்குதான் கூடியிருக்கிறது. நடைகள் குறைந்ததைக் கழித்துப் பார்த்தாலும், ஒரு டன் சரக்குக்கு ரோடு படும் சேதம் இரண்டு மடங்குக்கு மேல். சக்கரத் தடத்தில் விழுந்த பள்ளத்தில் மழைநீர் தேங்கி, அதன் மேல் ஏறும் கார் வழுக்குகிறது. உடைந்த ஓரத்தில் பைக் சறுக்குகிறது. லாரி அங்கிருந்து போய் மாதங்கள் ஆகியிருக்கும், அந்த விபத்தில் ஓவர்லோடு என்ற சொல்லே வராது.

பாலங்களுக்கு அவ்வளவு காலம்கூடத் தேவையில்லை. 2019 நவம்பர் 18 அன்று பிரான்சில் மிரெப்வா-சுர்-தார்ன் என்ற ஊரின் தொங்கு பாலம் ஒரு லாரியோடு ஆற்றில் விழுந்தது. பாலத்தின் வரம்பு 19 டன், லாரியும் அதில் இருந்த இயந்திரமும் சேர்ந்து 50 டன்னுக்கு மேல். லாரி டிரைவரும், காரில் வந்த 15 வயதுச் சிறுமியும் இறந்தார்கள். அதற்கு முந்தைய மாதம், அக்டோபர் 10 அன்று, சீனாவின் வூசி நகரில் ஒரு மேம்பாலம் பக்கவாட்டில் கவிழ்ந்து மூன்று பேர் இறந்தனர். அதிலும் முதற்கட்ட விசாரணை ஓவர்லோடு லாரிகளைத்தான் சுட்டியது.

'நாட்டுக்கு நாடு வரம்பு மாறுகிறதே, அப்படியானால் அந்த எண்ணுக்கு என்ன மதிப்பு?' என்று அடுத்து கேட்பீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் எல்லை தாண்டும் வழக்கமான ஐந்து ஆக்சில் லாரிக்கு 40 டன், அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைகளில் 80,000 பவுண்டு அதாவது 36.3 டன், சீனாவில் ஆறு ஆக்சிலுக்கு 49 டன். இந்தியாவில் 2018 ஜூலையில் உச்ச வரம்பு 49-இலிருந்து 55 டன்னாக உயர்த்தப்பட்டது. சட்டம் சொல்லும் எண் அந்தந்த நாட்டின் ரோட்டையும் பாலத்தையும் பார்த்து வைத்தது. வண்டியில் தயாரிப்பாளர் அடித்திருக்கும் தகட்டில் உள்ள எண் அந்த வண்டியின் பிரேக், ஆக்சில், சேஸிஸைப் பார்த்து வைத்தது. இரண்டில் எது குறைவோ அதுதான் வரம்பு. அரசாணை வந்த அன்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் ட்ரம் பெரிதாகிவிடுவதில்லை.

உங்கள் மச்சான் ஏன் 55 டன் ஏற்றுகிறார் என்பதையும் நான் ஒதுக்கிவிடவில்லை. வாடகை டன் கணக்கில் கிடைக்கும்போது, கடன் தவணை மாறாமல் நிற்கும்போது, லாபம் என்பது அந்தக் கூடுதல் டன்களில் மட்டுமே இருக்கும்படி தொழில் அமைந்துவிடுகிறது. ஏற்ற மாட்டேன் என்று சொன்னால் அடுத்த லாரி தயாராக நிற்கும். டிரைவரை மட்டும் பிடித்து அபராதம் போடுவதால் இது தீராது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆஸ்திரேலியாவில் பெரும்பாலான மாநிலங்களில் 2014 முதல் நடப்பில் உள்ள கனரக வாகனச் சட்டம், சரக்கு அனுப்புபவர், ஏற்றுபவர், நேர அட்டவணை போடுபவர், வண்டி உரிமையாளர் என்று சங்கிலியில் உள்ள எல்லோரையும் பொறுப்பாக்குகிறது. தென் கொரியா 2020 முதல் 2022 வரை கன்டெய்னர், சிமென்ட் லாரிகளுக்குக் குறைந்தபட்ச வாடகையைச் சட்டத்தால் நிர்ணயித்தது, டிரைவர்கள் ஓவர்லோடுக்கும் தூக்கமின்மைக்கும் தள்ளப்படக் கூடாது என்பதே அதன் நோக்கம். செக் குடியரசிலும் ஹங்கேரியிலும் ரோட்டுக்குள் பதித்த உணரிகள் ஓடும் லாரியையே எடைபோட்டு அபராதம் வரை கொண்டுபோகின்றன. இவற்றில் எனக்கு அதிக நம்பிக்கை தருவது முதலாவது. ஏற்றுமிடத்தில் கேட் திறக்கும் முன்பே எடை பார்த்தால், பிறகு ரோட்டில் யாரும் யாரையும் துரத்த வேண்டியதில்லை.

ரோட்டில் மற்றவர்களாகப் போகும் நமக்கு ஓவர்லோடு லாரியை அடையாளம் காண்பது கடினமல்ல. டயரின் அடிப்பகுதி பிதுங்கியிருக்கும். ஸ்பிரிங் பட்டை வில்லாக இல்லாமல் நேராகவோ எதிர்ப்பக்கம் வளைந்தோ இருக்கும். ஏற்றத்தில் நடக்கும் வேகத்தில் ஏறும், இறக்கத்தில் சக்கரத்திலிருந்து கருகல் வாடையோ புகையோ வரும். அப்படி ஒன்றைப் பார்த்தால் அதன் முன்னால் புகுந்து பிரேக் போடாதீர்கள், வளைவில் அதன் பக்கவாட்டில் ஒட்டிப் போகாதீர்கள். இரவில் நெடுஞ்சாலையில் இடதோ வலதோ ஓரத்தில் இருட்டாக ஏதாவது தெரிந்தால் வேகத்தைக் குறையுங்கள். ஆக்சில் உடைந்தோ டயர் வெடித்தோ ரோட்டிலேயே நின்றுவிட்ட லாரியின் பின்னால் போய் மோதுவது, ஓவர்லோடு வாங்கும் உயிர்களில் அதிகம் பேசப்படாத கணக்கு.

கடைசியாக, உங்கள் மச்சானின் வண்டி. இனிமேல் 40 டன்னோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று அவர் முடிவெடுத்தாலும் பழைய நடைகள் இரும்பில் பதிந்திருக்கும். வெல்டிங் இணைப்புகளில் தகைவு, அதாவது உலோகத்துக்குள் ஏறும் விசை, 1.4 மடங்கு போல் கூடினால், விரிசல் விடும் முன் அவை தாங்கும் சுமைச் சுற்றுகள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும் என்பது உலோகக் களைப்பின் வழக்கமான கணக்கு. எனவே முதலில் வண்டியை ஒரு நல்ல பட்டறையில் விட்டு, எல்லாச் சக்கரங்களின் ட்ரம்மையும் கழற்றி வெடிப்பு பார்க்கச் சொல்லுங்கள். ஸ்பிரிங் தொங்கும் தாங்கிகளின் அருகிலும், சேஸிஸின் குறுக்குச் சட்டம் சேரும் இடங்களிலும் மண்ணையும் கிரீஸையும் துடைத்துவிட்டு விளக்கு அடித்துப் பார்க்கட்டும். வண்ணம் உரிந்து துருக்கோடு ஒன்று மெல்லியதாக ஓடினால் அது விரிசல். மேலே பட்டை வைத்து வெல்டிங் அடித்து மூடிவிடாமல், தயாரிப்பாளர் சொல்லும் முறையில் சரிசெய்ய வேண்டும். இரட்டை டயர்களில் உள்பக்க டயரைத் தனியே காற்றுப் பார்க்க வேண்டும். மலை இறக்கத்தில், ஏறும்போது போட்ட கியரோ அதற்கும் கீழான கியரோ போட்டு, இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்துக்கொண்டு இறங்க வேண்டும். பாதி வழியில் வேகம் ஏறிய பிறகு கியர் இறக்க முயன்றால் அது விழாது, வண்டி நியூட்ரலில் சிக்கிவிடும். ஏர் சஸ்பென்ஷன் இருந்தால் ஆக்சில் எடை காட்டும் மீட்டரை மாட்டிக்கொள்ளலாம், ஏற்றும்போதே எத்தனை டன் ஆகிறது என்று தெரிந்துவிடும்.